எழுதாமல் விட்ட பட்டை

காஞ்சீபுரத்துக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு காரியங்களுக்காக வருகிறார்கள். ஒன்று, சுவாமி தரிசனம். மற்றொன்று, கல்யாணப் புடவை. இரண்டையும் ஒரே நாளில் முடித்துக்கொண்டு மாலை வண்டியில் திரும்பிவிடுகிறவர்களே அதிகம். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு மணி நேரம் மிச்சப்படுமானால், வைகுந்தப் பெருமாள் கோயிலுக்குப் போய், கர்ப்பக்கிருகத்தைச் சுற்றி ஓடும் தாழ்வாரத்தின் சுவரைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொல்லுவேன். அந்தச் சுவரில் இருப்பது ஒரு குடும்பத்தின் சரித்திரம். கல்லில் செதுக்கிய குடும்ப ஏடு.

ஏடு என்று சொல்லிவிட்டேன். ஆகவே அதை ஓர் ஏடாகவே வைத்து விமரிசனம் செய்வதுதான் என் உத்தேசம். சிற்பத்தைச் சிற்பமாகப் பார்த்து எழுத அறிந்தவர்கள் இருக்கிறார்கள். கதை எழுதுகிறவனுக்கு வேறு கவலை. ஒரு கதை எங்கே ஆரம்பிக்கிறது, யாரை உள்ளே விடுகிறது, யாரை வாசலில் நிறுத்துகிறது, எதைச் சொல்லக் கூச்சப்படுகிறது என்பதையே அவன் கவனிப்பான்.

இப்படிக் கவனிப்பதற்கு இப்போது ஒரு முகாந்தரமும் இருக்கிறது. நம்மவர்களுக்குத் தங்கள் குடும்பச் சரித்திரத்தில் ஆசை பிறந்திருக்கிறது. சஷ்டியப்த பூர்த்தி, சதாபிஷேகம் என்றால் 'எங்கள் வம்ச வரலாறு' என்று ஒரு சிறு புஸ்தகம் அச்சிட்டு, தாம்பூலப் பையில் தேங்காயோடு சேர்த்துப் போட்டுக் கொடுக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் பரண்மேல் ஏறிப் பழைய டிரங்குப் பெட்டியை இறக்கி, பத்திரங்களையும் ஜாதகங்களையும் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். நல்ல காரியம். அந்தப் புஸ்தகங்களில் பலவற்றை நான் படித்திருக்கிறேன். தேடுவதில் காட்டுகிற சிரத்தையில் பாதியைக்கூடத் தேடி எடுத்ததை ஒழுங்காக வைத்துக்கொள்வதில் நாம் காட்டுவதில்லை என்பது என் அபிப்பிராயம். அடுக்கி வைப்பது குமாஸ்தா வேலை, சரித்திரம் எழுதுவதுதான் வித்துவான் வேலை என்று நினைத்துக்கொள்கிறோம். இது எவ்வளவு தவறான நினைப்பு என்பதை இந்தக் கோயில் சுவர் காட்டுகிறது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரண்டாம் பரமேசுவரவர்மன் என்ற பல்லவ அரசன் வாரிசு இல்லாமல் இறந்துபோனான். சிம்மவிஷ்ணு, மகேந்திரன், நரசிம்மன் என்று தொடர்ந்து வந்த கிளை அவனோடு முடிந்தது. நாட்டுக்கு ஓர் அரசன் வேண்டும். சிம்மவிஷ்ணுவின் தம்பி பீமவர்மன் என்பவனுடைய வழியில், ஹிரண்யவர்மன் என்று ஒருவன் எங்கோ தூரத்தில் இருந்தான். அவனிடம் போய் ஒரு பிள்ளையைக் கேட்டு அழைத்து வந்தார்கள். வந்த பையனுக்கு வயது பன்னிரண்டு. அவன்தான் இரண்டாம் நந்திவர்மன். பல்லவமல்லன் என்றும் பெயர். அறுபது வருஷத்துக்கு மேல் அரசாண்டான். வைகுந்தப் பெருமாள் கோயிலைக் கட்டியவன் அவனே. பரமேச்சுர விண்ணகரம் என்று திருமங்கையாழ்வார் பாடிய தலம் இது.

இப்படித் தத்தாக வந்தவன் போன்ற ஒருவன் அரசனான பிறகு, தன் குலத்தின் சரித்திரம் முழுவதையும் சுவரில் வரிசையாகச் செதுக்கச் செய்தான். இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. பிறந்த வீட்டிலேயே இருப்பவனுக்குத் தான் யார் என்று நிரூபிக்க வேண்டிய அவசியம் வராது. வெளியிலிருந்து வந்தவனுக்குத்தான் ஏடு வேண்டும்.

ஏடு எங்கே ஆரம்பிக்கிறது? நாம் எல்லோரும் ஆரம்பிக்கிற இடத்தில்தான். விஷ்ணு, அவர் உந்தியில் பிரம்மா, பிறகு ஆங்கிரஸ், பிருகஸ்பதி, பரத்வாஜர், துரோணர், அசுவத்தாமா, அதற்கப்புறம் பல்லவன். ஒவ்வொரு வம்ச வரலாற்றுப் புஸ்தகத்திலும் முதல் பக்கத்தில் ஒரு ரிஷி, இரண்டாம் பக்கத்தில் ஒரு திவான், மூன்றாம் பக்கத்தில் தாலுகா ஆபீசில் வேலை பார்த்த தாத்தா என்று வருவதைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் உண்டு. நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு மேலாக நடந்துவரும் பழக்கத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விடுவது விமரிசனம் ஆகாது. ரிஷி வந்ததில் தோஷம் இல்லை. ரிஷியையும் தாத்தாவையும் ஒரே மையில் எழுதிவிடுவதில்தான் தோஷம். ஒருவர் நம்பிக்கை, மற்றவர் சாட்சியம். இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு இழுத்து, 'இதுவரை கேள்வி, இதற்கு மேல் பத்திரம்' என்று குறித்துவிட்டால் ரிஷிக்கும் மரியாதை, தாத்தாவுக்கும் மரியாதை.

அரசர்கள் வரிசையில் வருகிறார்கள். பட்டாபிஷேகம், யுத்தம், யானை, குதிரை, சபை என்று காட்சிக்குப் பின் காட்சி. மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை. இரண்டுக்கும் நடுவில் குறுகலாக ஒரு பட்டை விட்டிருக்கிறார்கள். இன்ன காட்சி இன்னது என்று எழுதுவதற்காக விட்ட இடம் அது. நந்திவர்மன் பட்டத்துக்கு வந்த கதையைக் காட்டும் பகுதியில் அந்தப் பட்டையில் எழுத்து இருக்கிறது. மற்ற இடங்களில் பட்டை இருக்கிறது, எழுத்து இல்லை.

முதலில் எழுத்து இருக்கிற இடத்தைப் பார்ப்போம். அது இந்த ஏட்டின் சிறந்த பக்கம். மகாசாமந்தர்களும் நகரத்தாரும் மூலப்பிரகிருதிகளும் சேர்ந்து ஹிரண்யவர்மனிடம் போகிறார்கள். அரசன் இல்லை, ஓர் அரசனைக் கொடு என்கிறார்கள். அவன் தன் குலத்தாரைக் கூப்பிட்டு, யார் போகிறீர்கள் என்று கேட்கிறான். போக மாட்டோம் என்கிறார்கள். தன் பிள்ளைகளைக் கேட்கிறான். ஸ்ரீமல்லன், ரணமல்லன், சங்கிராமமல்லன் ஆகிய பிள்ளைகளும் மறுத்துவிடுகிறார்கள். கடைசியில் பல்லவமல்லன், நான் போகிறேன் என்கிறான். பன்னிரண்டு வயதுப் பையனை அனுப்பத் தகப்பனுக்கு மனம் வரவில்லை, தயங்குகிறான். அருகிலிருந்த பெரியவர் ஒருவர் தைரியம் சொன்ன பிறகே இணங்குகிறான். பையன் மலைகளையும் ஆறுகளையும் காடுகளையும் கடந்து வருகிறான். பல்லவடி அரையர் என்பவர் பெரும் படையோடு வந்து எதிர்கொண்டு யானைமேல் ஏற்றி அழைத்துப் போகிறார். காஞ்சியில் பட்டாபிஷேகம் நடக்கிறது.

கதை எழுதுகிறவன் என்ற முறையில் நான் இந்த இடத்தில் சற்று நின்றுவிட்டேன். மூன்று அண்ணன்மார் 'வேண்டாம்' என்று சொன்னதை ஓர் அரசன் தன் கோயில் சுவரில் எழுதி வைத்திருக்கிறானே! அந்தச் சிம்மாசனம் அவ்வளவு ஆபத்தானது என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். அந்தப் பயத்தையும் மறைக்கவில்லை. தகப்பனுடைய தயக்கத்தையும் மறைக்கவில்லை. 'மூத்தவர்கள் ஆசீர்வதித்து அனுப்பினார்கள்' என்று எழுதியிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? நம் வம்ச வரலாற்றுப் புஸ்தகங்களில் இப்படி ஒரு பக்கம் கிடைக்குமா? சித்தப்பா ஏன் ஊரைவிட்டுப் போனார், இரண்டு வீட்டுக்கும் பதினைந்து வருஷம் ஏன் பேச்சு இல்லை என்பதெல்லாம் 'காலச் சூழ்நிலை' என்ற இரண்டு சொற்களில் அடங்கிவிடும். மறுத்தவர்களின் பெயரையும் எழுதி வைக்கும் துணிச்சல்தான் இந்த ஏட்டை ஏடாக்குகிறது.

இனிக் குறைக்கு வருகிறேன். எழுத்து இல்லாத பட்டை. இந்தக் கோயில் கட்டிய காலத்தில், யானைமேல் வருகிற இந்த அரசன் யார், காலடியில் விழுந்து கிடக்கிற அந்த எதிரி யார் என்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். குழந்தைகளுக்குக்கூடத் தாத்தாமார் காட்டிக் கொடுத்திருப்பார்கள். தெரிந்த விஷயத்தை எதற்கு எழுதுவது? பிறகு எழுதிக்கொள்ளலாம். எந்தக் காரணத்தாலோ அந்தப் பிறகு வரவே இல்லை. மணற்கல் தேய்ந்தது. பார்த்தவர்கள் போனார்கள். கடைசியில், இந்தக் காட்சி எந்த அரசனைக் குறிக்கிறது என்று யோசித்து யோசித்து முடிவு செய்ய வேண்டியதாயிற்று.

அப்படி யோசித்தவர் ஒரு பெண்மணி: டாக்டர் சி. மீனாட்சி. சென்னைப் பல்கலைக் கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் பெண் அவர், 1936-ல் பெற்றார். இந்தச் சுவரின் காட்சிகளை வரிசை குலையாமல் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, செப்பேடுகள் தரும் வம்சாவளியோடு வைத்துப் பார்த்து, இது இன்னாருடையதாக இருக்கலாம் என்று எழுதினார். முப்பத்தைந்து வயது நிறையுமுன் 1940-ல் அவர் காலமானார். அந்த நூல் தொல்பொருள் இலாகாவின் வெளியீடாக 1941-ல்தான் வந்தது. சுவரில் வரிசை குலையாமல் இருந்ததால்தான் அவரால் அதைச் செய்ய முடிந்தது. பெயர் போனாலும் வரிசை இருந்தது. வரிசையைப் பிடித்துக்கொண்டு பெயரைத் தேட முடிந்தது. வரிசையும் போயிருந்தால் மீனாட்சி அம்மையாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. அடுக்கி வைப்பது குமாஸ்தா வேலை என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எழுத்து ஏன் அந்த ஓர் இடத்தில் மட்டும் இருக்கிறது? இதற்கு என் விடை ஊகம்தான். சந்தேகம் எழக்கூடிய இடத்தில் எழுதினார்கள்; சந்தேகமே இல்லை என்று நினைத்த இடத்தில் எழுதாமல் விட்டார்கள். மகேந்திரனை யாரும் மறுக்கப் போவதில்லை. நந்திவர்மனை மறுக்கலாம். ஆகவே அவனுக்குச் சாட்சி வேண்டும். நம் வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள், இதே நியாயம்தான். பாகப் பிரிவினைப் பத்திரம் இருக்கும். விடுதலைப் பத்திரம் இருக்கும். கோர்ட்டுத் தீர்ப்பு நகல் பத்திரமாகத் துணியில் சுற்றி இருக்கும். வழக்கு வந்ததெல்லாம் எழுத்தில் இருக்கும். வழக்கு வராத பாட்டியின் பெயர் எழுத்தில் இருக்காது. எல்லோருக்கும் தெரிந்ததுதான் முதலில் தொலைந்துபோகிறது.

நெசவாளர் தெருவில் ஒரு வீட்டில் நான் இதைக் கண்ணாரக் கண்டேன். கல்லூரியில் படிக்கும் பேரன் ஒருவன் பழைய போட்டோக்களைத் தரையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எதன் முதுகிலும் ஓர் எழுத்துக் கிடையாது. பாட்டி சுவரில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆயா, இது யாரு?"

"இது தெரியலையா? எங்க பெரியம்மா பொண்ணு. ஆரணியில குடுத்திருந்தாங்க."

"பின்னாடி எழுதி வைக்கக் கூடாதா, ஆயா?"

"எல்லாருக்கும் தெரிஞ்சத எதுக்குடா எழுதணும்?"

"எனக்குத் தெரியலையே, ஆயா."

பாட்டி பதில் சொல்லவில்லை. போட்டோவைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "எழுதிக்கோ" என்று பெயரைச் சொன்னாள். பேரன் பென்சிலால் எழுதிக்கொண்டான். அந்தப் பட்டையில் எழுத்து ஏறிவிட்டது.

அடுத்த விஷயம் இன்னும் முக்கியமானது. நந்திவர்மனைப் பற்றி இந்தச் சுவர் ஒன்றுதான் சாட்சி என்பதில்லை. இரண்டு செப்பேடுகள் இருக்கின்றன. ஒன்று, காரைக்காலுக்கு அருகே காசாக்குடியில் 1879-ல் கிடைத்தது. அவனுடைய இருபத்திரண்டாம் ஆட்சியாண்டில் எழுதியது. அது, பீமவர்மன், புத்தவர்மன், ஆதித்தவர்மன், கோவிந்தவர்மன், ஹிரண்யவர்மன், நந்திவர்மன் என்று ஒழுங்காகச் சொல்லுகிறது. குடிகளால் தேர்ந்தெடுக்கப்பட்டவன் என்றும் சொல்லுகிறது. சுவரில் இருக்கும் கதையோடு இது ஒத்துப்போகிறது. மற்றொன்று உதயேந்திரம் செப்பேடு. அவனுடைய இருபத்தோராம் ஆட்சியாண்டைச் சொல்லுகிற ஏடு. அதில் நந்திவர்மன் பரமேசுவரவர்மனின் மகன் என்று இருக்கிறது!

ஒரே அரசன். ஒரு வருஷ வித்தியாசத்தில் இரண்டு ஏடுகள். தகப்பன் பெயர் வேறு வேறு. நாமாக இருந்தால் என்ன செய்வோம்? 'சரியான' ஏட்டை வைத்துக்கொண்டு மற்றதைப் பெட்டியின் அடியில் போட்டுவிடுவோம். இன்னும் துணிந்தவர்கள் அடுப்பில் போட்டுவிடுவார்கள். நல்ல வேளையாக, தென்னிந்தியச் சாசனங்களைப் பதிப்பித்த ஹூல்ட்ஸ் அப்படிச் செய்யவில்லை. இரண்டையும் ஒரே தொகுதியில் அடுத்தடுத்து அச்சிட்டார். முரண்படுகிற இரண்டு காகிதங்களை ஒரே உறையில் போட்டு வைப்பதுதான் அடுக்கி வைக்கும் கலையின் உச்சி என்று நான் சொல்லுவேன்.

ஏன் என்றால், தவறான ஏடு என்று நாம் நினைப்பதும் ஓர் உண்மையைச் சொல்லுகிறது. உதயேந்திரம் ஏட்டிலுள்ள தானம் உதயச்சந்திரன் என்ற தளபதி கேட்டுக்கொண்டதன் பேரில் கொடுக்கப்பட்டது. அவன் குலம் வேகவதிக் கரையில் இருந்துகொண்டு தலைமுறை தலைமுறையாகப் பல்லவர்களுக்குச் சேவகம் செய்த குலம். நந்திவர்மன் எதிரிகளால் நந்திபுரத்தில் முற்றுகையிடப்பட்டபோது அவனை மீட்டவன் இந்த உதயச்சந்திரன் என்று அதே ஏடு சொல்லுகிறது. இப்படிப்பட்ட விசுவாசி ஒருவன் சம்பந்தப்பட்ட ஏட்டில், எஜமானன் முந்தின அரசனின் மகன் என்று இருப்பதற்கு என்ன பொருள்? ஸ்வீகாரத்தை நினைத்து எழுதியிருக்கலாம். பட்டத்துக்கு அடுத்து வந்தவனை மகன் என்று சொல்வது மரியாதை என்று எழுதியிருக்கலாம். எதுவானாலும், நந்திவர்மனை அந்த வீட்டுப் பிள்ளையாகப் பார்க்க வேண்டும் என்று விரும்பியவர்கள் இருந்தார்கள் என்பது அந்த ஒரு சொல்லில் தெரிகிறது. அந்த ஏட்டை எறிந்திருந்தால் அந்த விருப்பத்தையும் எறிந்திருப்போம். காசாக்குடி ஏடு பிறப்பைச் சொல்லுகிறது. உதயேந்திரம் ஏடு ஆசையைச் சொல்லுகிறது. குடும்பச் சரித்திரத்துக்கு இரண்டும் வேண்டும்.

மூன்றாவது சாட்சி ஒன்று உண்டு. அது எதிரியின் சாட்சி. நந்திவர்மன் காலத்தில் சாளுக்கிய அரசன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தான். ஆனால் கோயில் சொத்தை எடுத்துக்கொள்ளாமல் திரும்பக் கொடுத்தான். இதைக் கன்னடத்தில் எழுதி வைத்திருக்கிறான். எங்கே? இதே ஊரில், கைலாசநாதர் கோயில் மண்டபத் தூணில்! ஊரைப் பறிகொடுத்ததை எந்தக் குடும்பமும் தன் ஏட்டின் முதல் பக்கத்தில் எழுதாது. அதை அடுத்த வீட்டு ஏட்டில்தான் பார்க்க வேண்டும். நம் தாத்தாவைப் பற்றி நாம் வைத்திருக்கும் காகிதங்களைவிட, தாத்தாவோடு வழக்காடியவர் வீட்டில் இருக்கும் காகிதங்கள் அதிகம் சொல்லலாம். பங்காளி வீட்டுக்குப் போக வெட்கப்படுகிறவர் குடும்பச் சரித்திரம் எழுத உட்காராமல் இருப்பது நல்லது.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு, வீட்டுப் பெட்டியை எப்படி ஒழுங்கு செய்யலாம் என்று யோசித்துப் பார்ப்போம். பெரிய சாஸ்திரம் ஒன்றும் வேண்டாம்.

முதலாவது, இருந்த ஒழுங்கைக் கலைக்காமல் பார்ப்பது. பிரான்ஸ் தேசத்தில் 1841-ல் அரசாங்க ஆவணங்களைப் பற்றி ஓர் உத்தரவு போட்டார்கள்: ஒரு ஸ்தாபனத்திடமிருந்தோ குடும்பத்திடமிருந்தோ வந்த காகிதங்களை வேறு காகிதங்களோடு கலக்கக் கூடாது என்று. அதுவே இன்றுவரை உலகத்து ஆவணக் காப்பகங்களுக்கெல்லாம் மூல சூத்திரம். வீட்டுக்கும் இது பொருந்தும். அத்தை பெட்டியில் இருந்தது, பெரியப்பா பீரோவில் இருந்தது என்பதே ஒரு செய்தி. ஜாதகத்தையெல்லாம் ஒரு கட்டு, பத்திரத்தையெல்லாம் ஒரு கட்டு என்று பிரித்துவிட்டால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அத்தை எதற்காக அந்த ஒரு பத்திரத்தை மட்டும் தன் புடவைக்கு அடியில் வைத்திருந்தாள் என்ற கேள்வியே எழாமல் போய்விடும். எடுக்கும்போதே எங்கிருந்து எடுத்தது என்று ஒரு சீட்டு எழுதிச் சேர்த்துவிட வேண்டும்.

இரண்டாவது, பெயர். நம்மில் பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது வழக்கம். ஆகவே ஒரு குடும்பத்தில் நூறு வருஷத்தில் மூன்று நான்கு பேர் ஒரே பெயரோடு இருப்பார்கள். பெயரை மட்டும் எழுதிய உறை பிரயோஜனம் இல்லை. தகப்பன் பெயர், ஊர், இரண்டையும் சேர்க்க வேண்டும். பெண்களுக்குப் பிறந்த வீடு, புகுந்த வீடு என்று இரண்டு இடத்திலும் சீட்டு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கல்யாணத்தன்று பெண் சரித்திரத்திலிருந்தே காணாமல் போய்விடுவாள். ஹரித்துவாரத்துப் பண்டாக்கள் தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கும் வம்சக் கணக்கு நோட்டுகளில், ஊரையும் குலத்தையும் வைத்தே குடும்பத்தைத் தேடி எடுக்கிறார்கள். யாத்திரைக்கு வருகிறவர் தன் முன்னோர் எழுதியதற்குக் கீழே தானும் எழுதிவிட்டுப் போகிறார். தேதியை மறந்தவனுக்கும் சொந்த ஊர் ஞாபகம் இருக்கும் என்று அறிந்து செய்த ஏற்பாடு.

மூன்றாவது, வருஷம். பழைய காகிதங்களில் 'சுபகிருது வருஷம்' என்று மட்டும் இருக்கும். அது 1902-ல் தொடங்கியதாகவும் இருக்கலாம், 1962-ல் தொடங்கியதாகவும் இருக்கலாம். அறுபது வருஷத்துக்கு ஒரு முறை அதே பெயர் திரும்பி வரும். நிலக் கணக்குகளில் பசலி இருக்கும். அதோடு 590-ஐக் கூட்டினால் அந்தப் பசலி தொடங்கிய ஆங்கில வருஷம் கிடைக்கும்; பசலி 1310 என்றால் 1900 ஜூலை முதல் 1901 ஜூன் முடிய. கணக்குப் போட்டுக் கண்டதை ஓரத்தில் எழுதலாம். ஆனால் மூலத்தில் இருந்தபடியே முதலில் எழுத வேண்டும். நம் கணக்கு தப்பினாலும் மூலம் தப்பாது.

நான்காவது, காகிதம் வேறு, நம் முடிவு வேறு. காகிதங்கள் பெட்டியில் இருக்கட்டும். நாம் ஊகித்ததைத் தனி நோட்டில் எழுதிக்கொள்வோம். எந்தக் காகிதத்தை வைத்து ஊகித்தோம் என்று எண் போட்டுக் காட்டுவோம். பத்திரத்தின் மேலேயே சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு 'இது தவறு' என்று எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தாத்தாவின் வாயை அடைப்பதற்கு அது சமானம்.

இவ்வளவு செய்த பிறகும், பெட்டியில் யார் இல்லை என்று ஒரு தரம் கேட்டுக்கொள்ள வேண்டும். நான் சொல்ல வந்ததில் இதுவே முக்கியம். காஞ்சீபுரத்து நெசவுக் குடும்பம் ஒன்றின் காகிதங்களை எடுத்துக்கொள்வோம். கூலிக் கணக்கு நோட்டு இருக்கும்; கூட்டுறவுச் சங்கத்துப் பாஸ் புஸ்தகம் இருக்கும். இரண்டிலும் ஒரே ஒருவர் பெயர்தான் இருக்கும், குடும்பத் தலைவர் பெயர். ஆனால் தறியில் அவர் ஒருவரா இருந்தார்? உடலும் கரையும் வேறு வேறு வண்ணமாகக் கோர்வை போட்டு நெய்வதற்கு மூன்று நாடா வேண்டும். ஒரு பக்கத்துக் கரை நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் பக்கத்தில் உட்கார வேண்டும். பழைய நாளில் பெரும்பாலும் வீட்டுப் பையன் ஒருவன் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தான். அவன் பெயர் நோட்டில் இல்லை. பட்டு நூலைத் தாருக்குச் சுற்றிக் கொடுத்த பெண்களின் பெயரும் இல்லை. நோட்டை மட்டும் நம்பிச் சரித்திரம் எழுதினால், நாலு பேர் நெய்த புடவையை ஒருவர் நெய்ததாக ஆகிவிடும். சுவரில் எழுத்தில்லாத பட்டை போலவே இதுவும் எழுதாமல் விட்ட இடம்.

அவர்களை எங்கே தேடுவது? காகிதத்துக்கு வெளியே தேட வேண்டும். சீர் வந்த பித்தளைப் பாத்திரத்தில் பெயர் வெட்டியிருப்பார்கள். நம் பெண்களுக்கு அதுதான் செப்பேடு. அந்தப் பாத்திரத்தைப் பழைய விலைக்குப் போடுமுன் எழுத்தைப் படியெடுத்துக்கொள்ள வேண்டும். மொய் நோட்டில் யார் வீட்டிலிருந்து யார் வந்தார்கள் என்று இருக்கும். மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகையில் இரண்டு வீட்டுப் பெரியவர்களின் பெயரும் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, உயிரோடு இருக்கும் கிழவிகள் இருக்கிறார்கள். காகிதம் காத்திருக்கும், அவர்கள் காத்திருக்க மாட்டார்கள். ஆகவே பெட்டியைப் பிறகு பார்க்கலாம், முதலில் பாட்டியிடம் போய் உட்காருங்கள்.

டாக்டர் சாமிநாதையர் 1940 முதல் ஆனந்த விகடனில் தம் சரித்திரத்தை எழுதியபோது, உத்தமதானபுரத்தையும் முன்னோர்களையும் சொல்லிவிட்டே தம்மைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அந்த நூலின் சுவையை நான் சொல்லி வாசகர்கள் அறிய வேண்டியதில்லை. நான் சொல்ல விரும்புவது வேறு. தமக்கு வந்த கடிதங்களை அவர் போடாமல் வைத்திருந்தார். 1877 முதல் 1900 வரை வந்தவை தொகுதியாகவும் இப்போது அச்சாகியிருக்கின்றன. எண்பத்தைந்து வயதில் நினைவிலிருந்து எழுதியதையும், நடந்தபோதே மற்றவர்கள் எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க நமக்கு வாய்த்திருக்கிறது. தம்மைச் சரிபார்க்கும் வசதியையும் தாமே பிற்காலத்தாருக்கு வைத்துவிட்டுப் போனார். பெரிய மனிதர்கள் செய்கிற காரியம் இது.

குடும்பச் சரித்திரத்தை நிரூபணத்துக்காக அடுக்குகிறவர்கள் உண்டு. நாங்கள் இன்ன வம்சம், இன்ன பெருமை என்று காட்டுவதற்குத் தோதான காகிதங்களை மட்டும் பொறுக்கி எடுத்துக் கட்டிவிடுவார்கள். அந்தக் கட்டு கட்டியவரின் ஆயுள் வரைதான் உபயோகப்படும். பின்னால் வருகிறவன் நம்மோடு சண்டை போடுவதற்கும் இடம் வைத்து அடுக்கினால்தான் அது சரித்திரம். நந்திவர்மனுடைய சிற்பிகள் மறுத்தவர்களின் பெயரையும் எழுதினார்கள். அதனால் அந்தப் பக்கம் இன்றும் பேசுகிறது. தெரிந்ததுதானே என்று மற்ற பட்டைகளை வெறுமையாக விட்டார்கள். அந்தப் பக்கங்களில் நாம் ஊகம் செய்துகொண்டிருக்கிறோம். ஒரே சுவரில் இரண்டு பாடமும் இருக்கின்றன. பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள், புடவையைப் பெட்டியில் வைக்குமுன், அதே பெட்டியில் கிடக்கும் போட்டோக்களை எடுத்துப் பின்பக்கத்தில் பென்சிலால் நாலு பெயர் எழுதினால் போதும்.